டிசி புத்தகமா, டேலியா, ஈஆர்பியா: ஒரு பனியன் கம்பெனிக்கு எந்தத் தகவல் முறைமை பொருந்தும்?

திருப்பூரில் எண்பது மெஷின் ஓடும் ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் கணினிக்குப் பஞ்சமில்லை. கணக்கர் மேசையில் டேலி என்ற கணக்கு மென்பொருள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மேசையில் எக்செல், வாசலில் விரல்ரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவி, முதலாளி கையில் வாட்ஸ்அப். இத்தனை இருந்தும், "அந்த நேவி ப்ளூ துணி இன்னும் எத்தனை கிலோ டையிங்கில் கிடக்கிறது?" என்று கேட்டால் எல்லோரும் ஸ்டோர் பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். பதில் அங்கே இருப்பவரின் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) புத்தகத்தில் பாதியும் அவருடைய நினைவில் பாதியுமாக இருக்கிறது. அவர் ஊர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் போய்விட்டால் பதிலும் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு கம்பெனி எடுக்க வேண்டிய முடிவைப் பற்றியது இக்கட்டுரை. நூலை வாங்கி, நிட்டிங் (நூலைத் துணியாக்குவது), டையிங் (சாயமிடுவது), காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அமுக்குவது), பிரிண்டிங் ஆகியவற்றை வெளியில் ஜாப் வொர்க்காக, அதாவது நம் பொருளைக் கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்கும் வேலையாகக் கொடுத்து, கட்டிங் முதல் பேக்கிங் வரை உள்ளேயே செய்கிற நிறுவனம் அது. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிவிட்டது, ஆனால் தனியாக ஒரு கணினித் துறை வைத்துக்கொள்ளும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. இருக்கிற எக்செலை ஒழுங்குபடுத்திக்கொள்வது, டேலியை இருப்புக் கணக்குக்கும் விரிப்பது, ஆடைத் தொழிலுக்கென்றே உள்ளூரில் எழுதப்பட்ட மென்பொருளை வாங்குவது, திறந்த மூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) ஈஆர்பி, அதாவது நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒரே முறைமையில் வைக்கும் மென்பொருள் ஒன்றை அமைத்துக்கொள்வது, பன்னாட்டு ஈஆர்பிக்குப் போவது, ஆள் வைத்துப் புதிதாகவே எழுதிக்கொள்வது என்று அதற்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. விற்பவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வழியே எல்லாவற்றையும் செய்துவிடும் என்கிறார்கள். எல்லாவற்றையும் செய்யும் என்பது உண்மையாகவே இருந்தாலும், இந்தக் கம்பெனிக்கு வேண்டிய ஒன்றை அது எப்படிச் செய்கிறது என்பதே என் கேள்வி. அந்த ஒன்று, வாசலைத் தாண்டி வெளியே போன பொருளின் கணக்கு.

மென்பொருளுக்கு முன்னால் இருப்பது

ஆட்கள், நடைமுறைகள், தரவு, மென்பொருள், வன்பொருள், வலையமைப்பு ஆகிய ஆறும் சேர்ந்ததே தகவல் முறைமை என்று பாடநூல்கள் சொல்கின்றன. கடைக்காரரிடம் விலை கேட்கும்போது நம் பேச்சு கடைசி மூன்றைப் பற்றி மட்டுமே இருக்கிறது. முறைமை தோற்றுப்போகும்போது காரணம் பெரும்பாலும் முதல் மூன்றில் இருக்கிறது.

இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. அலுவலக வேலைக்கென்று முதன்முதலாக ஒரு கணினியை உருவாக்கி ஓட்டியது இராணுவமோ வங்கியோ அன்று. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் நடத்திவந்த லயன்ஸ் என்ற நிறுவனம். அவர்கள் உருவாக்கிய லியோ என்ற கணினி 1951 நவம்பரில் பேக்கரி உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை ஏற்றுக்கொண்டது. எவ்வளவு மாவு போயிற்று, எவ்வளவு ரொட்டி வந்தது, என்ன அடக்கம் ஆயிற்று என்ற அந்தக் கணக்கு, எவ்வளவு நூல் போயிற்று, எத்தனை பீஸ் வந்தது என்ற திருப்பூர்க் கணக்குக்கு அண்ணன் தம்பி முறை. லயன்ஸ் தன் அலுவலக நடைமுறைகளை ஆராய்ந்து திருத்துவதற்கென்று கணினி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தனிப் பிரிவு வைத்திருந்தது. பின்னர்க் கடைகளுக்கான அன்றாடச் சரக்கு ஆர்டரை லியோவுக்கு மாற்றியபோதும், ஒவ்வொரு கடையின் மேலாளரும் வழக்கமான அளவிலிருந்து வேறுபடும் இனங்களை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று முதலில் நடைமுறையை வகுத்துவிட்டுத்தான் நிரல் எழுதினார்கள்.

நிறுவனத் தகவல் முறைமைகளை மூன்று படிகளாகப் பிரிப்பது வழக்கம். அன்றாடம் நடப்பதை நடந்தபடியே பதிவது அடிப்படி. டிசி, பில், வருகைப்பதிவு ஆகியவை இங்கே வரும். அந்தப் பதிவுகளைத் தொகுத்து வாரம், மாதம், ஆர்டர் என்று அறிக்கையாகத் தருவது நடுப்படி. 'இந்த ஆர்டரை இந்த விலைக்கு எடுக்கலாமா?' என்பது போன்ற முடிவுகளுக்குத் துணை நிற்பது மேற்படி. விற்பனையாளர் நமக்குக் காட்டும் வண்ண வரைபடங்கள் எல்லாம் மேற்படியைச் சேர்ந்தவை. அடிப்படியில் டிசி மூன்று நாள் தாமதமாகப் பதியப்பட்டால் அந்த வரைபடமும் மூன்று நாள் பழையதாகவே இருக்கும் என்பதை அவர் சொல்வதில்லை.

2,150 கிலோ நூல் எங்கே போகிறது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர். கட்டிங் வேஸ்ட் உட்பட ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி என்றால் 2,000 கிலோ சாயத்துணி வேண்டும். நிட்டிங்கில் 1 விழுக்காடும் டையிங்கில் 6 விழுக்காடும் கழிவு என்று வைத்து, பின்னோக்கிக் கணக்கிட்டு 2,150 கிலோ நூல் வாங்குகிறோம். நூல் மில்லிலிருந்து நேராக நிட்டிங்காரரிடம் இறங்குகிறது. அங்கே துணியான பிறகு அது நம் கம்பெனிக்கு வருவதில்லை. நாம் சொல்ல, நிட்டிங்கிலிருந்தே டையிங்குக்குப் போய்விடுகிறது. நம் பணத்தில் வாங்கிய பொருள் இரண்டு ஜாப் வொர்க்கர்களிடம் கைமாறி, பல நாள் கழித்து முதன்முதலாக நம் வாசலைப் பார்க்கிறது.

கழிவு 6 விழுக்காட்டுக்குப் பதிலாக 9 விழுக்காடு ஆகிவிட்டது என்று கொள்வோம். வருவது சுமார் 1,937 கிலோ. குறைவு 63 கிலோ, அதாவது 315 பீஸ். டிசி புத்தக முறையில் இந்தக் குறைவு எப்போது தெரியவருகிறது? பெரும்பாலும் கட்டிங் மாஸ்டர் கடைசி ரோலை விரித்துவிட்டு, "துணி பத்தாது" என்று வந்து நிற்கும்போது. அதற்குள் ஷிப்மென்ட் தேதி பக்கத்தில் வந்துவிட்டிருக்கும். 63 கிலோவுக்குத் தனியாக நூல் தேடி, தனியாகச் சாயமிட்டால் ஷேட் (நிறச்சாயல்) பொருந்துவது அரிது. சிறிய லாட் (ஒரே தடவையில் சாயமிடும் தொகுதி) என்பதால் கூலியும் கூடும். அதே செய்தி துணி இறங்கிய அன்றே தெரிந்திருந்தால் மார்க்கரை (துணியில் வெட்டும் பாகங்களை அடுக்கும் வரைவை) இறுக்கிப் பார்க்கலாம், வாங்குபவரிடம் அளவுச் சலுகை கேட்கலாம், டையிங்காரரிடம் சூடு ஆறுவதற்குள் கணக்குக் கேட்கலாம். செய்தி ஒன்றேதான், ஆனால் பத்து நாள் முந்தி வந்தால் அதன் விலை வேறு.

இனி அந்தத் துணி இறங்கும் நேரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரவு எட்டு மணி. டையிங்கிலிருந்து டெம்போ வந்து நிற்கிறது. ஓட்டுநருக்கு இன்னும் இரண்டு இடம் போக வேண்டும். ரோல்களை இறக்குகிறார்கள், பார்ட்டி டிசியில் (டையிங்காரர் கொடுத்தனுப்பிய டிசியில்) 972.400 கிலோ என்று எழுதியிருக்கிறது; நம் தராசில் எல்லா ரோலையும் ஏற்றி இறக்கினால் 967.250 கிலோதான் நிற்கிறது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. சூடாக வந்த துணிக்கும் மழைக்கால இரவில் கிடந்த துணிக்கும் எடை வேறுபடுவது இயற்கையே. ஆனாலும் ஐந்து கிலோ என்பது ஐந்து கிலோ. ஸ்டோர்காரர் என்ன செய்கிறார்? பார்ட்டி டிசியில் கையெழுத்துப் போட்டு நகலை வாங்கிக்கொண்டு, தன் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் 967 என்று குறித்துவைக்கிறார். மாதக் கடைசியில் டையிங் பில் வரும்போது கணக்கர் கையில் இருப்பது கையெழுத்துப் போட்ட டிசி. பென்சில் குறிப்பு அவர் கண்ணில் படுவதே இல்லை.

நான் எந்த மென்பொருளைப் பார்க்கப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: வரவு பதியும் திரையில் பார்ட்டி எடைக்கு ஒரு கட்டமும் நம் எடைக்கு ஒரு கட்டமும் தனித்தனியே இருக்கின்றனவா? இல்லையென்றால் அந்தப் பென்சில் குறிப்பு கணினி வந்த பிறகும் பென்சில் குறிப்பாகவேதான் இருக்கும்.

சட்டமும் இந்த இடத்திலேதான் கைவைக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பிவர வேண்டும், அல்லது ஜாப் வொர்க்கரின் இடத்திலிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே அதை விற்றுவிட்டதாகக் கருதி வரியும் வட்டியும் கேட்பார்கள். ஐடிசி-04 படிவத்தில் போனது, வந்தது, ஒரு ஜாப் வொர்க்கரிடமிருந்து இன்னொருவருக்கு மாறியது ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். விற்றுமுதல் ஐந்து கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குள் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை. நிட்டிங்கிலிருந்து நேராக டையிங்குக்குப் போன துணியை, நம் வாசலுக்கு வராததாலேயே எங்கும் பதியாமல் விட்ட கம்பெனிகள், இந்தப் படிவத்தை நிரப்பும் வாரத்தில் டிசி கட்டுகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எக்செல்

எக்செலைக் குறைத்துப் பேசுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. முப்பது மெஷினுக்குக் குறைவாக, மாதம் நான்கைந்து ஆர்டர் மட்டும் ஓட்டும் நிறுவனத்துக்கு, ஒருவர் மட்டுமே பதியும் ஒழுங்கான எக்செல் கோப்பு போதும் என்பதே என் கருத்து. செலவு இல்லை, மெர்ச்சண்டைசருக்குத் தெரிந்த கருவி, ஆர்டருக்கு ஆர்டர் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அதே நெகிழ்வுதான் அதன் குறையும். குழந்தைகள் ஆடை செய்யும் கம்பெனியில் அளவுக் கட்டத்தில் '3-4' என்று அடித்துப் பாருங்கள். மூன்று முதல் நான்கு வயது என்று நாம் நினைத்து அடிப்பதை எக்செல் தேதியாக மாற்றிவிடும். அதைக் கவனிக்காமல் பேக்கிங் லிஸ்ட் வரை கொண்டுபோய்விட்டுப் பிறகு திருத்துகிறவர்கள் உண்டு. பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. நம் கம்பெனியில் அத்தனை வரிகள் சேரப் போவதில்லை. ஆனால் சத்தமில்லாமல் உதிர்வது என்ற பகுதி நமக்கும் பொருந்தும்: யாரோ ஒருவர் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால், எந்த டிசிக்கு எந்த எடை என்பது கலைந்துபோகும், கலைந்தது யாருக்கும் தெரியாது. எண்பது மெஷின் கம்பெனியில் ஸ்டோர், கட்டிங், மெர்ச்சண்டைசர், கணக்கர் என நால்வர் ஒரே நேரத்தில் பதிய வேண்டியிருப்பதால், இந்த வழி இங்கே முடிந்துபோகிறது.

டேலி

பெங்களூரைச் சேர்ந்த டேலி நிறுவனம் 1986இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் வணிகவியல் படித்து வரும் எந்தப் பிள்ளையும் டேலி தெரியாமல் வேலைக்கு வருவதில்லை. ஆடிட்டரும் டேலி கோப்பைத்தான் கேட்கிறார். ஆள் மாறினாலும் வேலை நிற்காது என்பது ஒரு முறைமைக்குப் பெரிய பலம். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்விலைப்பட்டியல் கட்டாயமாகிவிட்டது; பில் போட்ட இடத்திலிருந்தே பதிவெண்ணையும் கியூஆர் குறியையும் பெற்று அச்சிடுவதை டேலி நன்றாகவே செய்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவானவர்கள் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. (திருப்பூரில் எல்லாமே 'கம்பெனி'தான் என்றாலும், பல கூட்டாண்மைகளும் தனி உரிமையாளர் நிறுவனங்களுமே. அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. வாசலில் உள்ள பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.)

இருப்புக் கணக்குக்கும் இதையே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம். ஒவ்வொரு ஜாப் வொர்க்கரையும் ஒரு கோடவுனாக உருவாக்கி, ஜாப் வொர்க் ஆர்டர் போட்டு, பொருள் வெளியே போனதற்கு ஒரு வவுச்சர், உள்ளே வந்ததற்கு ஒரு வவுச்சர் என்று பதிய வசதி இருக்கிறது. லாட் எண்ணைப் பேட்ச் ஆகப் போடலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், டேலியின் பார்வை பணத்திலிருந்து தொடங்கிப் பொருளை நோக்கிப் போகிறது. ஸ்டோர்காரரின் பார்வை பொருளிலிருந்தே தொடங்குகிறது. ஒரு ஸ்டைல், ஐந்து கலர், ஆறு சைஸ் என்றால் முப்பது இனங்களை உருவாக்க வேண்டும். அடுத்த ஸ்டைலுக்கு இன்னொரு முப்பது. டயா (துணிக்குழாயின் விட்டம்), ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ஷேட் ஆகியவற்றுக்கு இயல்பான இடமில்லை. பெயருக்குள்ளேயே திணிக்க வேண்டியிருக்கிறது. டேலிக்கென்றே உள்ள நிரல்மொழியில் கூடுதல் திரைகள் எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு என்றால் சரி. பத்துத் திரை எழுதிய பிறகு, டேலி புதிய பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் எழுதியவரைத் தேடி அலைய வேண்டிவரும். இன்னொன்றும் உண்டு. முதலாளிகள் பலர் கணக்குப் புத்தகம் திறந்திருக்கும் கணினியின் முன்னால் ஸ்டோர்காரரை உட்காரவைக்க விரும்புவதில்லை. பயனர் வாரியாக அனுமதியைப் பிரிக்க முடியும் என்று விளக்கினாலும் அந்தத் தயக்கம் போவதில்லை, எனவே பதிவு மறுபடியும் கணக்கரிடமே வந்து குவிகிறது. அவர் ஸ்டோரில் இல்லை. தராசு அவருக்குத் தெரியாது.

உள்ளூர் மென்பொருளும் திறந்த மூல ஈஆர்பியும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையேதான்.

உள்ளூரில் ஆடைத் தொழிலுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள்களைத் திறந்தவுடனே வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். நூல் கவுண்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்), டயா, ஜிஎஸ்எம், கழிவு விழுக்காடு எல்லாம் கேட்காமலே திரையில் இருக்கும். நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கு நேராக மாற்றும் டிசிக்குத் தனித் திரை இருக்கும். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு பீஸ் ரேட்டையும், ஒன்றரை ஷிப்ட் என்ற கணக்கையும் புரிந்துகொள்ளும். ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன என்று வெளியூர் மென்பொருள்காரருக்கு விளக்கி முடிப்பதற்கே ஒரு நாள் போய்விடும். கோளாறு என்றால் ஆள் அரை மணி நேரத்தில் வண்டியில் வந்து நிற்பார்.

குறை, அந்த ஆள்தான். நிறுவனம் ஐந்தாறு பேர் கொண்டது. மூல நிரல் ஒருவர் தலையில் இருக்கும். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் உங்கள் முறைமைக்கு அன்றே வயதாகத் தொடங்கும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், மென்பொருள் எழுதியவர்கள் கடையை மூடிவிட்ட பிறகு, பழைய தரவை வெளியே எடுக்க வழியில்லாமல், ஒரு பழைய கணினியை அதற்காகவே மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காப்பாற்றி வந்தார்கள். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், தூக்கி எறியவும் முடியாது. ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைக் கேட்டு வாங்க வேண்டும்: எல்லாத் தரவையும் எக்செலில் திறக்கக்கூடிய வடிவில் நாமே எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் உரிமை; தரவுத்தளத்தின் கடவுச்சொல் நம்மிடமும் இருப்பது. தயங்குகிற விற்பனையாளரை விட்டுவிடலாம்.

திறந்த மூல ஈஆர்பியில் இந்தக் கவலை குறைவு. மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனம் வளர்க்கும் ஈஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்தில் பிறந்த ஒடூ ஆகிய இரண்டும் இங்கே பரவலாகப் பேசப்படுபவை. முன்னதன் நிரல் முழுவதும் திறந்தது. பின்னதில் திறந்த பதிப்பு ஒன்றும் கட்டணப் பதிப்பு ஒன்றும் உண்டு. ஒரு ஸ்டைலுக்குக் கலரும் சைஸும் சேர்த்து வகைகளை ஒரே சொடுக்கில் உருவாக்குவது, வெளி ஆளிடம் பொருள் கொடுத்து வேலை வாங்குவது, உலாவியில் திறப்பதால் ஸ்டோரில் ஒரு டேப்லெட்டிலேயே பதிவது ஆகியவை இயல்பாகவே இருக்கின்றன. அமைத்துக் கொடுத்தவர் போய்விட்டால், அதே மென்பொருள் தெரிந்த இன்னொருவரைத் தேடிக்கொள்ளலாம்.

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லில் ஏமாறக் கூடாது. உரிமக் கட்டணம் இல்லை என்பதே அதன் பொருள்; அமைப்பவரின் கூலி, சர்வர் வாடகை, பயிற்சி எல்லாம் உண்டு. அது பொதுத் தொழிலுக்கு எழுதப்பட்டது. டயாவும் ஷேட்டும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியவை. நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கு நேராக மாறும் துணி அதன் வழக்கமான ஓட்டத்தில் ஒட்டாமல் முரண்டும். அதற்கொரு வழி வகுக்க, நம் தொழிலும் அந்த மென்பொருளும் இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும். திருப்பூரில் இப்போது பொறியியல் படித்துவிட்டு அப்பாவின் கம்பெனிக்குத் திரும்பியிருக்கும் மகனோ மகளோ பல வீடுகளில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உள்ளே இருந்து, ஆறு மாதம் இதிலேயே உட்காரத் தயாராக இருந்தால், திறந்த மூலம்தான் என் தேர்வு. இல்லையென்றால் உள்ளூர் மென்பொருள், மேலே சொன்ன இரண்டு வரிகளோடு. இந்த முடிவு மென்பொருளின் தரத்தைவிட, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பது சிலருக்கு விந்தையாகப் படலாம்.

மற்ற இரண்டு

பன்னாட்டு ஈஆர்பி இந்த அளவுள்ள கம்பெனிக்கு யானையைக் கட்டித் தீனி போடுவதுதான். 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்ஏபி சிறு நிறுவனங்களுக்கென்று தனி மென்பொருளும் விற்கிறது. பல யூனிட், சொந்த டையிங், வங்கியும் வெளிநாட்டு வாங்குபவரும் கேட்கும் அறிக்கைகள் என்று வளர்ந்த குழுமங்களுக்கு அதன் கட்டுப்பாடு தேவைப்படலாம். அங்கேயும் ஒரு பாடம் உண்டு. ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம் ஏழு ஆண்டு உழைப்புக்கும் ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவுக்கும் பிறகு 2018இல் தன் எஸ்ஏபி திட்டத்தைக் கைவிட்டது. லிடில் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கம் உள்ளது. அந்த மென்பொருளின் வழக்கமோ விற்பனை விலையில் மதிப்பிடுவது. தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள மறுத்து மென்பொருளை வளைக்கப் போனதில் சிக்கல் மேல் சிக்கலாக ஏறியது என்று பத்திரிகைகள் எழுதின. எதை வளைப்பது, எதற்கு வளைவது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நம் கம்பெனியில் வளைக்கக் கூடாதது ஜாப் வொர்க் ஓட்டம். பில் வடிவம், அறிக்கையின் நிறம் போன்றவற்றில் மென்பொருள் சொல்வதற்கு நாம் வளைந்துவிடலாம். நடைமுறையில் இது தலைகீழாகவே நடக்கிறது: லோகோ எந்த மூலையில் வர வேண்டும் என்று ஒரு வாரம் வாதிடுவோம், டிசி ஓட்டத்தை விற்பனையாளர் சொன்னபடியே ஏற்றுக்கொள்வோம்.

ஆள் வைத்துப் புதிதாக எழுதிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. எழுதுவது எளிது, ஜிஎஸ்டி விதி மாறும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் கடினம்.

என் தீர்ப்பும் நடைமுறையும்

எண்பது மெஷின் கம்பெனிக்கு: கணக்கும் பில்லும் வரியும் டேலியிலேயே இருக்கட்டும். நூல் முதல் கட்டிங் வரையிலான பொருள் ஓட்டத்தை மட்டும் தனி முறைமைக்கு மாற்றுங்கள், உள்ளூரதோ திறந்த மூலமோ. இரண்டையும் தானியங்கியாக இணைக்கிறேன் என்று யாராவது சொன்னால் முதல் ஆண்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே டிசி எண் இரண்டிலும் இருந்தால் போதும், டையிங் பில் வரும்போது கணக்கர் அந்த எண்ணைத் தட்டி, நம் தராசு எடையைப் பார்த்துவிட்டுப் பணம் போடலாம். வருகைப்பதிவும் சம்பளமும் இப்போது எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓடட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவர்களுக்கு நேர்ந்தது நன்கு அறியப்பட்டதே. அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில் மூன்று பெரிய மென்பொருள்களை ஒரே மூச்சில் ஓடவிட்டது. ஹாலோவீன் ஆர்டர் குவியும் பருவம் அது. சரக்கு கிடங்கில் இருந்தும், ஏறக்குறைய 10 கோடி டாலர் மதிப்புள்ள மிட்டாயைக் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் போயிற்று. நம் ஊரில் இதற்கு இணையான பருவங்கள் தீபாவளி போனஸுக்கு முந்தைய வாரங்களும் மார்ச் கடைசியும். அவற்றைத் தவிர்த்து, ஆர்டர் மெலிந்திருக்கும் ஒரு மாதத்தில், ஒரே ஓர் ஆர்டரை மட்டும் புதிய முறைமையில் தொடங்குவது நல்லது.

வாங்குவதற்கு முன் விற்பனையாளர் காட்டும் மாதிரித் தரவை நம்ப வேண்டாம். முடிந்துபோன ஓர் ஆர்டரின் டிசி கட்டு முழுவதையும், பென்சில் குறிப்புகளோடு, அவர் மேசையில் வைத்து உங்கள் ஸ்டோர்காரரையே பதியச் சொல்லுங்கள். பதிந்து முடித்ததும் மூன்று கேள்விகள்: எந்த ஜாப் வொர்க்கரிடம் இன்று எத்தனை கிலோ நிற்கிறது, எந்த லாட்டில் கழிவு எதிர்பார்த்ததைத் தாண்டியது, ஓராண்டை நெருங்கும் டிசி எது. மூன்றுக்கும் பதில் அதே திரையில் வந்தால் விலை பேசலாம்.

சர்வரை அலுவலகத்தில் வைப்பதா, மேகத்தில் (இணையவழி வாடகைச் சர்வரில்) வைப்பதா என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. இணையம் அறுந்தாலும் வாசலில் டிசி நிற்கக் கூடாது. ஆகவே கைப்பேசி இணைப்பு ஒன்று மாற்றாக இருக்க வேண்டும், அதுவும் போனால் எழுத ஒரு டிசி புத்தகம் மேசையிலேயே இருக்க வேண்டும். அலுவலகத்தில் வைப்பவர்கள் பேக்கப்பை அதே கணினியின் டி டிரைவில் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் கணினி போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பதிவு செய்ய வேண்டியவர் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர். அவருக்குத் தட்டச்சு வராது என்பது பெரிய தடையன்று. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியும் படமும் அனுப்புகிறவர் நான்கு கட்டத்தில் எண் அடிக்கக் கற்றுக்கொள்வார். திரை தமிழில் இருந்தால் இன்னும் சீக்கிரம் கற்றுக்கொள்வார். உண்மையான தடை வேறு: இத்தனை ஆண்டுகளாக எந்தத் துணி எங்கே என்று தெரிந்தவர் அவர் ஒருவரே, அதுதான் அங்கே அவருக்கு இருக்கும் மரியாதை. அதைக் கணினிக்குக் கொடுக்கச் சொல்கிறோம். அதனால் மென்பொருள் தேர்வுக்கு உட்காரும் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். பார்ட்டி எடை, நம் எடை என்ற இரண்டு கட்டங்கள் வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவரும் ஒரு ஸ்டோர்காரர்தான்.

முதல் இரண்டு மாதம் புத்தகமும் திரையும் சேர்ந்தே ஓடட்டும். வாரத்துக்கு ஒருமுறை, ஏதேனும் ஒரு ஜாப் வொர்க்கரைத் தேர்ந்தெடுத்து, புத்தகம், திரை, அவரிடம் போனில் கேட்ட இருப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துத் திருத்திவந்தால், ஏழெட்டு வாரத்தில் மூன்றும் ஒன்றையொன்று நெருங்கும். கட்டிங் மாஸ்டர் வந்து "நேவி ப்ளூ எவ்வளவு வரணும்?" என்று கேட்கும்போது, ஸ்டோர்காரரின் கை புத்தகத்தைத் தேடாமல் டேப்லெட்டைத் தேடினால், அடுத்த ஆர்டரையும் புதிய முறைமையில் ஏற்றலாம்.